புளி தேய்த்த செருகி

நான் அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிப் படியை முதலில் மிதித்தவனும் நானே. என் பெற்றோர் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர்களுடைய பிள்ளையை இன்று தெரு முழுவதும் ‘சார்’ என்றே அழைக்கிறது. பெயர் சொல்லி அழைக்கும் வயதுடையவர்கள் யாரும் இப்போது இல்லை. எங்கள் திருச்சபைக் குழுவில் செயலாளர் பொறுப்பையும் வகித்திருக்கிறேன். மின்சாரம் தொடர்பாக நான் ஒன்றைச் சொன்னால் ஊரில் அதற்கு மறுபேச்சு இருந்ததில்லை. இவற்றைத் தற்பெருமைக்காக எழுதவில்லை. என் தங்கையின் விசைப்பலகையைப் பற்றிக் கடைத்தெருவில் ஒரு கதை உலவுகிறது. அதைக் கேட்டவர்கள் நான் யார் என்பதையும் அறிந்திருப்பது முறை.

ஓய்வுக்குப் பிறகு பழைய கணினி விசைப்பலகைகளைத் தேடிப் பிடித்துப் பழுது நீக்குவதை ஒரு பழக்கமாக வைத்துக்கொண்டேன். மதுராந்தகத்துக் காயலாங்கடைகளில் அவை எடைக்குக் கிடக்கும். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில் இருக்கும்; அழுத்தினால் ‘டக்’ என்று ஒலிக்கும். அவற்றில் பெரும்பாலும் விசைகள் கெடுவதில்லை. கெடுவது வடத்தின் நுனியில் உள்ள செருகிதான். கடற்காற்றுக்குப் பித்தளை என்றோ செம்பு என்றோ பேதமில்லை. எல்லாவற்றிலும் களிம்பு ஏற்றிவிடும். அது போதாதென்று, அந்தக் காலத்துச் செருகி எதுவும் இந்தக் காலத்துக் கணினியில் நுழையாது. எனவே பழைய செருகியைப் புதிய துளைக்கு இணக்குவதே என் வேலையில் பாதி.

என் தங்கை என்னோடுதான் வசிக்கிறாள். மணம் செய்துகொள்ளவில்லை. தமிழ்த் தட்டச்சில் மேல்நிலை தேறியவள். திருக்கழுக்குன்றத்தில் பத்திர எழுத்தர் ஒருவரின் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள். சில ஆண்டுகளாக அவளுடைய பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கி வருகிறது. விழித்திரை நோய், மருந்தில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். திரையில் உள்ள எழுத்தை இப்போது அவளால் படிக்க இயலாது. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன்.

“இங்க இருந்தா நான் உன் தங்கச்சி. அங்க போனாதான் நான் டைப்பிஸ்ட்டு” என்றாள்.

அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பார்வையில்லாமல் அவள் எப்படிப் பத்திரம் அடிக்கிறாள் என்று பலர் வியக்கிறார்கள். அதற்கு அந்த அலுவலகத்தின் வழக்கமே காரணம். எழுத்தர் கண்களை மூடிக்கொண்டு வாசகத்தைச் சொல்லுவார். சர்க்கார் வாய்க்காலுக்குத் தெற்கு, பொதுப்பாதைக்குக் கிழக்கு என்று ஒரு தொடரைச் சொல்லி நிறுத்துவார். விசைகளின் ஒலி ஓயும்வரை காத்திருப்பார். ஓய்ந்ததும் அடுத்த தொடர். ஒலி தடுமாறினால் அவரே முந்தைய தொடரைத் திரும்பச் சொல்லுவார். எழுத்து விழுந்துவிட்டது என்பதை அவளுக்கு விரலும் காதும் சொல்லும். அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அவருக்குக் காது சொல்லும். இருவரும் திரையைப் பார்ப்பதே இல்லை. இருந்தும் அவர்களுடைய பத்திரங்களைத் திருத்தத்துக்காகச் சார்பதிவாளர் அலுவலகம் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதெல்லாம் அவளுடைய பழைய விசைப்பலகையைக் கொண்டு நடந்தது. அதன் வடத்தின் நுனியில் கட்டைவிரல் பருமனுள்ள ஐந்து ஊசிச் செருகி. அலுவலகத்துப் பழைய கணினி உயிரோடு இருந்தவரை ஒரு சிறு இடைச்செருகியால் வேலை ஓடியது. அந்தக் கணினி போயிற்று. புதிதாக வந்ததில் யூஎஸ்பி துளைகள் மட்டுமே இருந்தன. அதனோடு வந்த விசைப்பலகை வாழையிலையில் விரல் வைத்தாற்போல் ஒலியே எழுப்பாதது. எழுத்தர் காத்திருக்க எதுவும் இல்லாமல் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். அவள் பின்தங்கினாள். ஒரு கிரயப் பத்திரத்தில் தெற்கு எல்லையே விழாமல் போயிற்று.

படித்துக் காட்டியபோது நிலம் வாங்குபவர், வயதான விவசாயி, மெதுவாகக் கேட்டாராம்: “தெற்கால ஒண்ணும் சொல்லலியே நைனா. அப்ப கடல் வரிக்கும் என்துதானா?”

அலுவலகமே சிரித்திருக்கிறது. என் தங்கை வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

மறுநாள் நான் நேரில் சென்றேன். கடையில் கிடைக்கும் ஊதா நிறச் சிறு மாற்றுச்செருகி ஒன்றைச் செங்கல்பட்டிலிருந்து வாங்கிச் சென்றிருந்தேன். அது வேலை செய்யவில்லை. அது வேலை செய்யும் என்று நான் உறுதி கூறவுமில்லை. முயன்று பார்க்கலாம் என்றே கூறினேன். அத்தகைய செருகி கம்பிகளை இடம் மாற்றித் தருமே தவிர, விசைப்பலகை பேசும் முறையை மாற்றாது. ஆனால் அங்கே நின்றவர்களுக்கு அந்த வேறுபாட்டை விளக்க நேரம் கிடைக்கவில்லை.

எழுத்தர் என்னைத் தனியாக அழைத்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கெழம முகூர்த்த நாளு. டோக்கன் வரிசையா போட்டு வெச்சிகீறேன். அன்னிக்கு அக்கா ஓட்டிட்டாங்கன்னா அந்த நாற்காலி அவங்களுது. இல்லன்னா என் மச்சான் பொண்ணு படிச்சிட்டு வூட்டுல சும்மா கீது, அத்த ஒக்கார வெச்சிடுவேன். எனக்கும் வேற வழி இல்ல.”

நல்ல நாள் பார்த்தே நம் மக்கள் பத்திரம் பதிவார்கள். வளர்பிறை முகூர்த்தத்தில் அந்தத் தெருவில் நடக்கவே இடமிருக்காது. அவர் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆயினும் உள்ளே உட்கார்ந்திருந்த என் தங்கையின் காதில் விழவேண்டும் என்றே சற்று உரக்கச் சொன்னேன்:

“திங்கட்கிழமை இந்த விசைப்பலகை இதே மேசையில் ஓடும். என் பொறுப்பு.”

பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் வாசலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் ஒருவர் தும்மினால் அதை இன்னொரு தெருவுக்கு எடுத்துச் செல்லும் இயல்புடையவர், மனிதர் நல்லவர். “சார் சொல்லிட்டாரு. இனிமே அந்த ஆண்டவனே கரண்ட்டு கட் பண்ணாதான் உண்டு” என்றார்.

செய்யவேண்டியது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. பழைய விசைப்பலகை இரண்டு கம்பிகளில் பேசும். ஒன்று தாளம், மற்றது சேதி. புதிய கணினிக்கு அந்தப் பேச்சு புரியாது. இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். விரல் நீளச் சுற்றுப்பலகை ஒன்றில் அதற்குரிய நிரலை ஏற்றிச் சிறு பெட்டிக்குள் அடைத்தால் அதுவே மொழிபெயர்க்கும். நிரலை நான் எழுதவில்லை. உலகில் எங்கோ ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியாது. சதுரங்கப்பட்டினம் என்றோர் ஊர் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. இன்றும் எங்கள் குடும்ப ஜெபத்தில் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லுகிறோம்.

செருகியை வெட்டிவிட்டு வடத்தை நேரடியாகச் சுற்றுப்பலகையில் பற்றவைப்பது எளிது. தங்கை சம்மதிக்கவில்லை.

“வெட்டாத அண்ணா. நாளைக்கு உன் பெட்டி ரிப்பேரானா வேற எங்கயாவது சொருவிக்கலாம் இல்ல?”

என் பெட்டி பழுதாகும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. இருப்பினும் அவள் சொத்து அது. செருகியை அப்படியே வைத்து, அது நுழையும் துளை ஒன்றைத் தேடினேன். அது கிடைத்தது சவுண்ட் சர்வீஸ்காரரிடம். அவருடைய தந்தை காலத்து டேப் ரெக்கார்டரின் முதுகில் அதே ஐந்து துளைகள் இருந்தன. கழற்றிக் கையில் கொடுத்தார்.

“எத்தினியோ கல்யாணத்துக்குப் பாடின மிஷினு சார் இது. இனிமே பத்திரம் எழுதட்டும்.”

அந்தத் துளைகளின் எண்வரிசை அறியாதவரைக் கவிழ்த்துவிடும். அரைவட்டமாக நிற்கும் ஐந்தும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வருவதில்லை. ஒன்று, நான்கு, இரண்டு, ஐந்து, மூன்று என்று வரும். மேலும், முன்புறம் பார்க்கும்போது வலமாக வருவது, பற்றவைக்கும் பின்புறத்தில் இடமாக வரும். கோயிலை வலம் வருபவரை மதிலுக்கு உள்ளிருந்து பார்ப்பதும் வெளியிலிருந்து பார்ப்பதும் போல. இதை மறந்தால் மின்னூட்டக் கம்பியும் எர்த் கம்பியும் இடம் மாறி, விசைப்பலகையின் உயிரே போய்விடும். நான் மறக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் சோதித்தோம். இணைத்ததும் விசைப்பலகையின் மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னி அணைந்தன. அவள் விரல்களை வைத்துத் தெற்கு எல்லை ஒன்றை அடித்தாள். கூடம் முழுவதும் அந்த ஒலி. திரையில் விழுந்ததை நான் படித்துக் காட்டினேன். ஒரு புள்ளியும் பிசகவில்லை.

“பேசுது அண்ணா” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பல மாதங்களாகக் கண்டதில்லை.

மாலையில் நான் திருச்சபைக் கூட்டத்துக்குச் சென்றுவிட்டேன். அவளுக்கும் அன்று திருச்சபை வேலை இருந்தது. ஞாயிறு ஆராதனைக்காகப் பீடத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்ப்பது பெண்கள் ஐக்கியத்தின் முறை. அந்த வாரம் அவளுடைய முறை. அன்று வேறு என்ன தேய்த்தாள் என்பது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது.

அன்று எழுத்தர் அலுவலகத்தில் வேட்டி மடிப்பு கலையாத மாப்பிள்ளை வீட்டாரைப் போல வாடிக்கையாளர்கள் நிரம்பியிருந்தார்கள். நான் என் பெட்டியை இணைத்தேன். விளக்குகள் மின்னின. எழுத்தர் கண்களை மூடி முதல் தொடரைச் சொன்னார். தங்கை அடித்தாள். சில சொற்கள் சரியாக விழுந்தன. பிறகு விளக்குகள் மூன்றும் தாமாக மின்னின, ஓர் எழுத்து வரிசையாக விழுந்துகொண்டே போயிற்று, மறுபடி விளக்குகள். அவள் விசைகள் ஒலித்தன, திரையில் ஒன்றும் இல்லை. எழுத்தர் ஒலியை நம்பி அடுத்த தொடருக்குப் போய்விட்டார். நான் அவரை நிறுத்தவேண்டியதாயிற்று.

“இன்னா ஆச்சு சார்?”

வாடிக்கையாளர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எமகண்டம் வந்துகினு கீது. எழுதறீங்களா, வேற ஆள பாக்கட்டா?”

எழுத்தர் என்னைப் பார்க்கவில்லை. மேசையின் கீழிருந்து அந்த ஒலியற்ற விசைப்பலகையை எடுத்துத் துடைத்தார், கைபேசியையும் எடுத்தார். மச்சான் மகளை அழைக்கப் போகிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. தங்கை கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அலுவலகத்து மின்சாரத்தில் குறை இருக்கலாம் என்று கூற நான் வாயெடுத்திருந்தேன். அப்போது சவுண்ட் சர்வீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் கேட்காமலேயே செருகியை உருவிக் கையில் எடுத்தார். உற்றுப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

“இன்னா சார், ப்ளக்குக்குள்ள ரசம் வெச்சிகீறீங்களா? புளி வாசன அடிக்குதே.”

அலுவலகம் குலுங்கியது. எழுத்தரின் கைபேசியும் பாதியில் நின்றது.

“நான்தான் தேய்ச்சேன்” என்றாள் தங்கை.

சிரிப்பு அடங்கியது. அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி, எனக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்: “கையில பட்டா சொரசொரன்னு இருந்துச்சு அண்ணா. களிம்பு. நீ நாலு பேரு எதிர்ல சொல்லிட்டு வந்திருக்க. உன் வேல பளிச்சுன்னு இருக்கணும்னு தண்டோட சேத்து அதையும் தேய்ச்சேன். நல்லா கழுவித்தான் வெச்சேன்.”

செருகியை வாங்கிப் பார்த்தேன்; ஊசிகள் பளிச்சென்று இருந்தன.

சவுண்ட் சர்வீஸ்காரர் சொன்னார்: “அக்கா தேய்ச்சதுல ஒண்ணும் குடி முழுகல. உள்ள எறங்கியிருக்கும். தொறந்து கழுவிட்டா தீந்துச்சு. ஆனா இது ரப்பரு ஒட்டி வார்த்த ப்ளக்கு, சார். அறுத்தாதான் தொறக்கும்.”

‘வெட்டாதே’ என்று சொன்னவள் அவள். அவள் பக்கம் பார்த்தேன்.

“அறு அண்ணா” என்றாள்.

எழுத்தர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். வாடிக்கையாளர்களிடம், “ஒரு டீ சாப்ட்டு வாங்க. டோக்கன் எங்கியும் ஓடிடாது” என்றார். அந்தச் சில நிமிடங்களை அவர் தரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தந்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

சவுண்ட் சர்வீஸ் கடையில், ஒலிபெருக்கிகளுக்கு நடுவே, கத்தியால் செருகியின் கறுப்பு ரப்பரைக் கீறினேன். உள்ளே புளி இறங்கியிருக்கவில்லை. ஊசிகளின் அடிப்பாகம் உலர்ந்தே இருந்தது. ஆனால் நான்காம் ஊசியில் சேரும் எர்த் கம்பி, ரப்பருக்குள் யார் கண்ணுக்கும் படாமல், பச்சைப் பொடியாக உதிர்ந்திருந்தது. தலைமுடி போன்ற ஓர் இழைதான் மிச்சம். உப்புக்காற்று எத்தனையோ ஆண்டுகளாக உள்ளே செய்த வேலை அது. வீட்டில் வடம் மேசைமேல் நேராகக் கிடந்தது, இழை தொட்டுக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் மேசை விளிம்பில் மடங்கித் தொங்கியது; விசைகள் அதிரும்போதெல்லாம் இழை விட்டுவிட்டுத் தொட்டது. ஒவ்வொரு முறையும் விசைப்பலகை செத்துப் பிழைத்தது.

“பாருங்க” என்று காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். “அடப்பாவி. புளி இல்லன்னா இத்த யாரு தொறக்கப்போறா?”

அதையேதான் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒழுங்காக ஓடிய செருகியை நான் சந்தேகித்திருக்கமாட்டேன். நிரலைச் சந்தேகித்திருப்பேன், கணினியைச் சந்தேகித்திருப்பேன், எழுத்தரின் மின்சாரத்தைப் பழித்திருப்பேன். அதற்குள் அந்த நாற்காலி போயிருக்கும்.

அவர் தம் பெட்டியிலிருந்து பிரித்துப் பூட்டக்கூடிய ஐந்து ஊசிச் செருகி ஒன்றை எடுத்துத் தந்தார். வடத்தின் கெட்ட பகுதியைத் தறித்தேன், கம்பிகளைச் சீவினேன், அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டார். ஒன்று, நான்கு, இரண்டு, ஐந்து, மூன்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பற்றவைத்தேன். ஒரு கம்பியும் இடம் மாறவில்லை என்பதை உடனிருந்தவர் சாட்சியாகக் குறிப்பிடுகிறேன்.

திரும்பி வந்து இணைத்தபோது விளக்குகள் ஒருமுறை மின்னி அணைந்தன. வடத்தை நான் வேண்டுமென்றே மடக்கினேன், உலுக்கினேன். விளக்குகள் அசையவில்லை. எழுத்தர் கண்களை மூடினார்.

“சர்க்கார் வாய்க்காலுக்குத் தெற்கு...”

விசைகள் ஒலித்தன. ஓய்ந்தன.

“...பொதுப்பாதைக்குக் கிழக்கு...”

மாலைவரை நான் வாசல் நாற்காலியிலேயே இருந்தேன். தேவை எதுவும் இருக்கவில்லை. அந்த ஒலி நிற்பதையும் தொடங்குவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். முகூர்த்தக் கூட்டம் கரைந்தபின் எழுத்தர் வெளியே வந்து, மேசைக்கடியில் கிடந்த ஒலியற்ற விசைப்பலகையை என்னிடம் நீட்டினார். “இது எங்களுக்கு வாணாம் சார். நீங்களே வெச்சிக்கங்க.” பேருந்தில் வீடு திரும்பும்போது தங்கை என் பக்கத்தில் உறங்கிவிட்டாள். அவள் விரல்களில் பித்தளையும் புளியும் கலந்த மணம் இன்னும் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

அவள் இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறாள். நிரலை எழுதிய அந்த முகமறியாதவருக்கும், டேப் ரெக்கார்டரைக் கழற்றித் தந்தவருக்கும், ஒரு தேநீர் நேரம் தந்தவருக்கும் நான் கடமைப்பட்டவன். எல்லோரையும்விட அதிகமாக, கையில் தட்டுப்பட்ட களிம்பை என் மானத்தின்மேல் படிந்த களிம்பாக எண்ணித் தேய்த்தவளுக்கு. அதை அவளிடம் நேரில் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

கடைத்தெருக் கதை வேறு. ‘சாரோட தங்கச்சி ப்ளக்குல ரசத்த ஊத்தி பேஜாரு பண்ணிட்டாங்க, சாரு வந்து காப்பாத்தினாரு’ என்று அது மாமல்லபுரம்வரை போயிருக்கிறது. என்னைப் புகழும் கதை என்பதால் நான் வாளாவிருப்பேன் என்று சிலர் நினைத்திருக்கலாம். அறுத்தெடுத்த பழைய செருகியை நான் எறியவில்லை. அதே வீட்டுப் புளியை அதன் ஊசிகளில் தேய்த்து, அவள் கழுவியதுபோலவே கழுவி, மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். ஊசிகளுக்கிடையே மின்சாரம் கசியவில்லை.

புளியால் அந்த விசைப்பலகை கெடவில்லை. எர்த் கம்பி அற்றிருந்தது. அதைக் கண்டுபிடிக்க வைத்தது புளி.